வாய் திறக்காமல் வாங்கிய எண்பது

பாளையங்கோட்டைக்காரர்கள் புத்திசாலிகள் என்று ஒரு பேச்சு உண்டு. தடுக்கி விழுந்தால்கூட ஏதாவது ஒரு கல்லூரி வாசலில்தான் விழ வேண்டும் என்கிற ஊர் அது. அந்தப் பேச்சைக் கெடுப்பதற்கென்றே நாலு பேர் முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். நாலு பேரும் தங்கமான பிள்ளைகள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டம் எல்லாம் அதனால் வந்ததுதான்.

தாணுமாலயன் வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருந்தான். பல வருஷமாகப் படித்துக்கொண்டே இருந்ததால் மற்றவர்களுக்கு அவன் சட்ட ஞானத்தின் மேல் பெரிய மரியாதை. இசக்கிராஜுக்கு எதிலும் சந்தேகம் வரும். தாணுவிடம் கேட்டால் தீர்ந்துவிடும். மரியசெல்வம் செல்போன் கடையில் வேலை பார்த்தான். மற்றவர்கள் யோசித்து முடித்த பிறகு தூக்குவது, கட்டுவது, சுமப்பது எல்லாம் அவன் பொறுப்பு. நாலாமவன் ஆவுடையப்பன். இது அவனுடைய கதை.

கடலோரத்து ஆத்தூர்ப் பக்கம் ஆவுடையப்பனுடைய அப்பாவுக்குக் கொஞ்சம் வாழைத் தோட்டம் இருந்தது. கடல் தண்ணீர் ஏறி அந்த மண் உவராகிவிட்டது. வைத்த கன்றெல்லாம் கருகியது. மனுஷர் தினமும் காலையில் போய் வெறும் வரப்பில் உட்கார்ந்துவிட்டு வருவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஆவுடையப்பன் மண்ணைப் பற்றிய படிப்பில் சேர்ந்தான். உப்பேறிய நிலத்தில் மறுபடி விளைய வைப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்த பென்வுட் என்ற புரொபசர் ஒருவர், கடல் தாண்டி நார்த்வெல் பல்கலைக்கழகத்தில் இருந்தார். அவரிடம் போய்ப் படித்து வந்து அப்பாவுக்கு ஒரு குலையாவது வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பது இவன் ஆசை. இந்த ஒரு விஷயத்தில் அவன் முட்டாள் இல்லை.

நார்த்வெல்லிலிருந்து பதில் வந்தது. இடம் தருகிறோம், ஆனால் உங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதற்குத் தேர்வு எழுதி எண்பது மதிப்பெண்ணாவது எடுத்துக் காட்ட வேண்டும், ஏப்ரல் முடிவதற்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கண்டிருந்தது. ஆவுடையப்பன் அதை மூன்று பேருக்கும் படித்துச் சொன்னான்.

“இவனுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமேல. இந்த லெட்டரையே இவன்தானே படிச்சுச் சொன்னான்?” என்றான் இசக்கிராஜ்.

“படிச்சது நமக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுல்லா,” என்றான் தாணு.

“அப்ப எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு நல்ல இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிப் போட்டா?”

“செல்லாது. தன் கேஸுக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது.”

மூன்று பேரும் தாணுவை மரியாதையோடு பார்த்தார்கள். பயிற்சி வகுப்பில் சேருவது என்று முடிவாயிற்று.

ஃபிளெக்ஸ் போர்டு கடைக்கு மேலே ஜெபமணி சார் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் எழுதியதைப் பார்த்துவிட்டு, “எழுத்து பரவாயில்ல. பேச்சுத்தான் வரணும். இன்னையிலயிருந்து வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை தமிழ் கூடாது. கூட இருக்கவனுவளுக்கும் சேர்த்துத்தான் சொல்லுதேன்,” என்றார். அவர் எல்லாரிடமும் இதைத்தான் சொல்வார். இதுவரை யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் வீடு சாவு வீடு மாதிரி இருந்தது. ஆவுடையப்பன் மட்டும் “குட் மார்னிங்” என்றான். மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். அதற்கு மேல் அவர்களிடம் சரக்கு இல்லை. அப்போது சமையல்கட்டில் பால் பொங்க ஆரம்பித்தது. மரியசெல்வம் பார்த்துவிட்டான். சொல்ல வேண்டும், ஆனால் தமிழ் கூடாது. வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு கைதட்டிக் கூப்பிட்டான். மூன்று பேரும் வந்து வரிசையாக நின்றார்கள்.

“பால் பொங்குது வே.”

“எப்பயிருந்து?”

“நான் கிளம்பும்போதே பொங்கிட்டுத்தான் இருந்துது.”

“அடுப்பை அணைச்சியா?”

“அணைக்கலாமான்னு கேக்கத்தானே கூப்பிட்டேன்.”

அணைக்கலாம் என்று முடிவு செய்துவிட்டு உள்ளே போனபோது பாலும் இல்லை, அடுப்பும் தானாகவே அணைந்திருந்தது. சார் சொன்னபடி நடந்தால் எல்லாம் தானாக நடக்கும் என்று அவர்களுக்கு நம்பிக்கை வந்தது.

அதிலிருந்து பேச வேண்டியது எதுவானாலும் தெருவுக்கு வந்து பேசினார்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்றால் தட்டோடு எழுந்து வர வேண்டியிருந்தது. போகவர அலுப்பாக இருந்ததால் மரியசெல்வம் முதலில் நாற்காலிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தான். பிறகு ஸ்டவ்வு வந்தது. பிறகு பாய், தலையணை, துணிக்கொடி எல்லாம் வந்தன. வீட்டுக்குள் ஆவுடையப்பனும் ஒரு ஆங்கிலப் புத்தகமும் மட்டும் மிஞ்சினார்கள்.

வீட்டுக்காரர் கோமதிநாயகம் அண்ணாச்சி ஒருநாள் அந்த வழியாக வந்தார். சாமான் எல்லாம் தெருவில் கிடப்பதைக் கண்டு உள்ளே எட்டிப் பார்த்து, “என்ன தம்பி, காலி பண்ணியாச்சா? ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?” என்று கேட்டார்.

ஆவுடையப்பன் வீட்டுக்குள் இருந்தான். எனவே எழுந்து நின்று, தாங்கள் காலி செய்யவில்லை என்பதையும் மொழிப் பயிற்சியின் அவசியத்தையும் அண்ணாச்சியின் பெருந்தன்மைக்குத் தன் நன்றியையும் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினான். அண்ணாச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. முகத்தில் தெரிந்த நன்றியை மட்டும் பார்த்து, பிள்ளை விடைபெறுகிறான் என்று எடுத்துக்கொண்டு, “நல்லா இருங்க,” என்று கண்கலங்கிப் போனார்.

அடுத்த வாரம் கடையநல்லூரிலிருந்து ஒரு குடும்பம் லாரியில் சாமானோடு வந்து இறங்கியது. மரியசெல்வம்தான் பீரோவைத் தூக்கி உள்ளே வைத்துக் கொடுத்தான். வந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே தாராளமாகத் தமிழ் பேசியதுதான் இவர்களுக்கு வருத்தமாக இருந்தது. சொல்லிப் பார்த்தார்கள், அந்தக் குடும்பம் கேட்கவில்லை. மழை வரும் போல் இருந்ததால் மொட்டை மாடிக்குக் குடிபோகலாமா என்ற ஆலோசனை எழுந்தது.

“மாடி வீட்டுக்குள்ள சேர்த்தியா, வெளிய சேர்த்தியா? வீடுன்னா அங்கயும் தமிழ் பேசப்பிடாதே,” என்றான் இசக்கிராஜ்.

“மாடியில மழை பெய்யுமா?” என்று கேட்டான் தாணு.

“பெய்யும்.”

“வீட்டுக்குள்ள பெய்யுமா?”

“நம்ம சமையக்கட்டுல பெய்யுமே.”

தாணு தீர்ப்புச் சொன்னான். “அது அண்ணாச்சி தப்பு. சட்டத்துல வராது. மாடி வெளியதான்.”

மழையிலிருந்து தப்பிக்க நாலு பேரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். பீரோ தூக்கித் தந்ததற்காகக் கடையநல்லூர்க்காரர் பொறுத்துக்கொண்டார்.

தேர்வு நெருங்கியது. தேர்வுக்கூடத்திலிருந்து விதிகள் வந்தன. பாஸ்போர்ட் கொண்டுவர வேண்டும். அதிலுள்ள படத்தைப் போலவே முகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி கிடையாது என்று ஒரு விதி சொன்னது. நாலு பேரும் பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைக் கவனமாகப் பார்த்தார்கள். ஸ்டுடியோக்காரர் ‘ஆடாதே’ என்று அதட்டியபோது எடுத்த படம் அது. கண் இரண்டும் அகல விரிந்திருந்தது. தாடை தூக்கியிருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. பின்னால் வெள்ளையாக இருந்தது.

“கண்ணு சரி, முழிச்சுக்கிடலாம். வாய்தான் இடிக்குது,” என்றான் தாணு.

“என்ன இடிக்குது?”

“படத்துல வாய் மூடியிருக்கு. திறந்தா படத்துக்கு மாறிரும். வெளிய அனுப்பிருவாங்க.”

“ஆனா பேசிக் காட்டுத பரீட்சை ஒண்ணு இருக்கே வே,” என்றான் ஆவுடையப்பன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. “பேசலேன்னா மார்க்கு போயிரும். பேசினா ஆளே போயிருவேன். எங்கப்பா அந்த வரப்புலயேதான் உக்காந்திருக்கணுமா?”

தாணு தலையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் நிமிர்ந்தான். “பேசணும்னுதானே சொல்லியிருக்கான்? வாயைத் திறந்து பேசணும்னு எங்கயும் சொல்லலியே?”

எங்கேயும் சொல்லவில்லைதான். விதிகளை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ஆவுடையப்பன் மொட்டை மாடியில் வாயை மூடிக்கொண்டு ஆங்கிலம் பேசப் பழகினான். நகரமயமாதல், நூலகங்களின் பயன், தனக்குப் பிடித்த பருவம் என்று எல்லாத் தலைப்புகளிலும் மூக்கு வழியாக முழங்கினான். கீழே இருந்த கடையநல்லூர்க்காரர் டிரான்ஸ்பார்மர் இரைகிறது என்று மின்வாரியத்துக்குப் புகார் கொடுத்தார். ஆள் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று இறங்கிப் போனார்.

பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டுமே, அதற்கு மரியசெல்வத்தின் வேட்டி உதவியது. தேர்வு மதுரையில். பஸ்ஸில் ஆவுடையப்பன் கண்ணை விரித்துத் தாடையைத் தூக்கி உட்கார்ந்திருக்க, பின்சீட்டிலிருந்து இசக்கிராஜும் மரியசெல்வமும் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

“என்ன தம்பி, படம் கிடம் போடப் போறீங்களா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“படம் ஏற்கெனவே எடுத்தாச்சு. இப்ப படம் மாதிரி இருக்கான்,” என்றான் தாணு. கண்டக்டர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

தேர்வுக்கூட வாசலில் வேட்டியை உள்ளே விடவில்லை. நல்லவேளை, உள்ளே சுவர் வெள்ளையாக இருந்தது. பச்சையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இசக்கிராஜுக்கு இன்றைக்கும் உடம்பு நடுங்கும். படிப்பது, கேட்பது, எழுதுவது எல்லாவற்றையும் ஆவுடையப்பன் ஒழுங்காகவே செய்தான். பேச்சு வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு உதடு பிரியாமல் முழு மூச்சாகப் பேசினான். மேற்பார்வையாளர் ஓடிவந்து வலிப்பு கிலிப்பு வருகிறதா என்று பார்த்தார். முகம் பாஸ்போர்ட்டில் இருந்தபடியே இருந்ததால் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மதிப்பெண் தேர்வு நடத்துபவரிடமிருந்து நேரே எங்களுக்கு வர வேண்டும், விண்ணப்பதாரர் வழியாக வந்தால் ஏற்க மாட்டோம் என்று நார்த்வெல் எழுதியிருந்தது. மதிப்பெண் ஆவுடையப்பனின் போனுக்கும் வந்து நின்றது.

“தொடாதே!” என்று தாணு போனைப் பிடுங்கினான். “நீ பார்த்தா உன் வழியா போன மாதிரி ஆயிரும்.”

“லேசா ஒரு ஓரமா பார்க்கலாமா?”

“ஓரமும் வழிதான்.”

மரியசெல்வம் அந்தப் போனைக் கடையில் வைத்துப் பூட்டினான். ஆவுடையப்பன் சாப்பாடு இறங்காமல் துரும்பாக இளைத்தான். பாஸா ஃபெயிலா என்று ஒரு தொடுதலில் தெரிந்துவிடும், தொடவில்லை. அந்தத் தைரியம் எனக்கு வராது.

ஏப்ரல் முடியப்போகும் சமயத்தில் செல்போன் கடைக் கம்ப்யூட்டரில் நார்த்வெல்லின் கடிதம் வந்தது. மதிப்பெண் கிடைத்தது, எண்பது, இடம் உறுதி என்றிருந்தது. சரியாக எண்பது. அந்தப் பேச்சுக்கு மார்க் போட்டது மனுஷரா மெஷினா என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஆவுடையப்பன் அப்பாவுக்குப் போன் செய்து, “கிடைச்சிட்டுப்பா,” என்று மட்டும் சொன்னான். “அப்ப வாழைக் கன்னுக்குச் சொல்லி வைக்கட்டுமா?” என்றார் அப்பா.

புரொபசர் பென்வுட் ஒருநாள் வீடியோவில் பேச விரும்பினார். அடையாளம் சரிபார்க்கப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும் என்று அலுவலகம் எழுதியிருந்தது. பாஸ்போர்ட் என்றதும் இவர்கள் தயாராகிவிட்டார்கள். மரியசெல்வம் வேட்டியைப் பிடித்தான். ஆவுடையப்பன் வாயை மூடினான். ஆத்தூர் மண்ணைப் பற்றியும், கருகிய கன்றுகளைப் பற்றியும், அப்பா வரப்பில் உட்காருவதைப் பற்றியும் உள்ளதையெல்லாம் மூக்கு வழியாகக் கொட்டினான். விரித்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புரொபசர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை,” என்று வருத்தத்தோடு சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டார்.

மாடியில் தாணுதான் ஆரம்பித்தான்.

“பேசினது யாரு? எண்பது எடுத்தவன்.”

“ஆமா.”

“இவனுக்கு இங்கிலீஷ் தெரியும்னு ஒத்துக்கிட்டது யாரு? அவரோட யுனிவர்சிட்டியே. அப்ப பேச்சுல தப்பு இருக்க முடியாது. கேட்டவர்கிட்டதான் இருக்கு.”

“புரொபசருக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கியா?”

“நான் சொல்லலப்பா. அவரே வாயைத் திறந்து சொன்னாரே, ஒரு வார்த்தைகூட புரியலேன்னு.”

“அவரு பிறந்ததே அங்கதானேல?” என்றான் இசக்கிராஜ்.

“நீ பிறந்தது பாளையங்கோட்டையில. தமிழ்ல என்ன மார்க்கு?”

“இங்கிலீஷ் தெரியாத மனுசன்கிட்டப் போய் நான் என்னத்தைப் படிச்சு, என்னைக்கு நிலத்தைச் சரி பண்ண?” என்று ஆவுடையப்பன் கலங்கினான். புரொபசரைச் சும்மா விடக் கூடாது என்று மூன்று பேரும் அவனுக்கு வாக்குக் கொடுத்தார்கள்.

நார்த்வெல் தனக்கு எழுதிய கடிதத்தையே முன்னால் வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி, ஆவுடையப்பன் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எழுதினான். புரொபசர் பென்வுட்டின் ஆங்கில மதிப்பெண்ணை அனுப்பி வைக்கவும். எண்பதுக்குக் குறையக் கூடாது. தேர்வு நடத்துபவரிடமிருந்து நேரே வர வேண்டும். புரொபசர் வழியாக வந்தால் ஏற்க மாட்டோம்.

முட்டாள்கள் எல்லாரும் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறார்கள் என்று இதுவரை உங்களை நினைக்க வைத்தது என் தவறு. அந்த அலுவலகத்தில் கடிதத்தைப் படித்தவர்கள், வாசகம் விதிப்படி அட்சரம் பிசகாமல் இருப்பதைக் கண்டார்கள். புரொபசரின் கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண் இல்லை. கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“நான் இந்த ஊரில் பிறந்தவன். என் தாத்தாவும் ஆங்கிலம்தான் பேசினார்,” என்றார் புரொபசர்.

“இருக்கலாம். ஆனால் கோப்பில் இல்லையே,” என்றார்கள்.

பாவம், மனுஷர் போய்த் தேர்வு எழுதினார். கட்டுரைக்குக் கொடுத்த கேள்வியே தப்பு என்று அவருக்குப் பட்டது. பதில் எழுதாமல் கேள்வியைத் திருத்தி விளக்கம் எழுதிவிட்டு வந்தார். பேச்சிலும் அதையே செய்தார். எழுபத்தொன்பது வந்தது. ஒரு மார்க் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை என்று அலுவலகம் கையை விரித்துவிட்டது. அத்தோடு நிற்காமல் அந்தத் துறையிலுள்ள மற்ற ஆசிரியர்களின் கோப்புகளையும் புரட்டினார்கள். ஒருவரிடமும் மதிப்பெண் இல்லை.

இதற்குள் ஆவுடையப்பன் போய்ச் சேர்ந்திருந்தான். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் பார்த்த அதிகாரி, இவ்வளவு பொருத்தத்தை என் சர்வீஸிலேயே கண்டதில்லை என்று கைகுலுக்கினாராம். பல்கலைக்கழகத்திலோ படம் போட்ட அட்டையை எந்நேரமும் கழுத்தில் தொங்கவிட வேண்டும் என்பது விதி. ஆகவே அங்கே எந்நேரமும் அதே முகம்தான். வகுப்பு தொடங்க வேண்டிய நாள் வந்தது. அந்தத் துறையில் ஆங்கிலம் தெரியும் என்பதற்கு அத்தாட்சி வைத்திருந்தது அவன் ஒருவன்தான். அவனையே பாடம் நடத்தச் சொன்னார்கள். தேறும்வரை மாணவராக இருக்கும்படி புரொபசருக்கு உத்தரவு போயிற்று. அவரும் நோட்டுப் புத்தகத்தோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவுடையப்பன் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போன் செய்வான்.

“புரொபசர் எப்படி இருக்காரு?” என்று கேட்டான் தாணு.

“நல்ல மனுசன் வே. நான் பேசுதது ஒண்ணும் விளங்கலேன்னாலும் தினம் வந்துருதாரு. ஆத்தூர் நிலத்தை எப்படிச் சரி பண்ணணும்னு போர்டுல எழுதிப் போட்டு, வீட்டுப்பாடமாக் குடுத்தேன். கட்டுக்கட்டா எழுதிக் கொண்டாந்தாரு. எங்க வடிகால் வெட்டணும், ஜிப்சம் எவ்வளவு போடணும், மழைத்தண்ணியை எப்படித் தேக்கி உப்பை இறக்கணும், எல்லாம் படம் வரைஞ்சு எழுதியிருந்தாரு. அப்பாவுக்கு அப்படியே தமிழ்ல எழுதிப் போட்டேன். அதுபடி செஞ்சு கன்னு வச்சாச்சு. எல்லாம் பிடிச்சு, பச்சைப்பசேல்னு நிக்குதாம். அப்பா போன்ல அழுதாரு.”

மாடியில் மூன்று பேரும் குதித்தார்கள். மரியசெல்வம் வேட்டியைச் சுழற்றினான். சந்தோஷம் அடங்கியதும் இசக்கிராஜுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“ஏ ஆவுடை, அப்ப புரொபசருக்கு நல்ல மார்க்கு போட்டிருப்பியே?”

அந்தப் பக்கம் ஆவுடையப்பன் வருத்தத்தோடு பெருமூச்சு விட்டான்.

“விசயமெல்லாம் சரிதான் வே. ஆனா இங்கிலீஷ் பத்தலை. ஃபெயில் போட்டுட்டேன்.”